அடகுச் சீட்டும் பள்ளிக் கட்டணமும்

ஆண்டுதோறும் ஜூன் மாதம் பிறப்பதற்குச் சில நாட்கள் முன்னதாக, நம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் வாயிலில் பெண்கள் கூடி நிற்பதைக் காணலாம். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சிறு துணி முடிச்சு இருக்கும். அதனுள் ஒரு சங்கிலி, அல்லது ஒரு சோடித் தோடு, அல்லது தாய் வீட்டில் போட்ட வளையல். நகை மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரைத்துப் பார்த்து எடையைச் சொல்வார். ‘என்ன காரியத்துக்கு அம்மா?’ என்று செயலாளர் கேட்பார். ‘வெள்ளாமைக்கு’ என்று விடை வரும். சீட்டிலும் அவ்வாறே எழுதப்படும். வானத்தில் மேகம் இல்லை. ஏர் இன்னும் கொட்டிலை விட்டு இறங்கவில்லை. விதைக் கடலையைத் தோலுடைக்கும் பேச்சே இல்லை. அப்பணம் எங்கே போகிறது என்பதைக் கேட்டவரும் அறிவார், சொன்னவரும் அறிவார். அது பள்ளிக்கூடத்திற்குப் போகிறது.

இதனைக் குற்றமாகக் கூறும் எண்ணம் நமக்கு இல்லை. பிள்ளையின் படிப்புக்காகக் கழுத்து நகையைக் கழற்றும் தாயைக் குறை கூற யாருக்குத்தான் நா எழும்? ஆயினும், ஆண்டுதோறும் நடந்தும் எந்தப் பேரவைக் கூட்டத்திலும் பேசப்படாத ஒரு காரியம், அங்கத்தினர் குடும்பங்களைச் சிறிது சிறிதாக அரித்து வருமானால், அதனைப் பேசாதிருப்பது கூட்டுறவு ஆகாது.

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியில், ஏறத்தாழ 16 கிலோமீட்டரில் உள்ளது சித்தன்னவாசல். இவ்வட்டாரத்துக் குடும்பங்களை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம். மண் பெரும்பாலும் செம்மண். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், நிறையாவிட்டால் நிலக்கடலை, அதுவும் தவறினால் கல்வேலை அல்லது கட்டட வேலை என்று பிழைக்கும் குடிகள். ஆடிப் பட்டத்தில் விதைத்த கடலையின் காசு ஐப்பசி, கார்த்திகையில்தான் கைக்கு வரும். சம்பா நெல் வீடு சேருவது தை, மாசியில். நெசவாளர் நிலையும் இதனின் வேறன்று. தீபாவளியையும் பொங்கலையும் ஒட்டித் துணி விற்கும். பொங்கல் கழிந்தபின் சங்கத்தில் சரக்குத் தேங்கும், பாவு குறையும், கூலியும் குறையும். ஆக, உழவர்க்கும் நெசவாளர்க்கும் ஆண்டின் மிக வறண்ட மாதங்கள் சித்திரை, வைகாசி, ஆனி என்பதே. பள்ளிக்கூடம் திறப்பதும் அந்த ஆனியின் வாயிலில்தான். மாதச் சம்பளம் வாங்குவோரின் வசதிக்கேற்ப அமைந்த கட்டணத் தவணை, பட்டம் பார்த்து விதைப்பவன் மடியில் வந்து விழுகிறது. ஏழ்மை ஒருபுறமிருக்க, பாதித் துன்பம் இந்த மாதக் கணக்கு ஒவ்வாமையால் விளைவது என்பது நம் கருத்து.

நாம் அறிந்த ஒரு வீட்டு நிலையைக் கூறுவோம். பெயர் வேண்டா, வாசகர் ஒவ்வொருவருக்கும் இத்தகைய வீடு ஒன்று தெரிந்திருக்கும். ஒரு மகன், ஒரு மகள். மகனை ஆங்கில வழித் தனியார் பள்ளியில் சேர்த்தனர். காலை ஏழு மணிக்கே வேன் வந்து முக்கிற்கு முக்கு நின்று பிள்ளைகளை அள்ளிச் செல்லும். கட்டணம், வேன் கூலி, புத்தகம், சீருடை, காலணி எல்லாம் சேர்ந்து முதல் ஆண்டில் சங்கிலி சங்கத்துக்குப் போயிற்று. கடலை விளைந்தது, சங்கிலி திரும்பிற்று. மறு ஆண்டு மழை ஏய்த்தது. சங்கிலியை மீட்க இயலாமல், வட்டியை மட்டும் கட்டிச் சீட்டைப் புதுப்பித்தனர். பள்ளி மட்டும் ஜூன் மாதத்தில் தவறாமல் திறந்தது. இம்முறை தோடு போயிற்று. பிறகு விதைக்கு உண்மையாகவே பணம் வேண்டியிருந்தபோது சங்கத்தில் வைக்க நகை இல்லை. வெளியே வட்டிக்கு வாங்கினர். உரிய காலத்தில் திருப்பினால் வட்டியில்லை என்னும் பயிர்க்கடன் சலுகை இருந்தும், தவணை தவறியதால் அதுவும் கை நழுவிற்று. தகப்பனார் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குச் சென்றார். மகள் எங்கே படிக்கிறாள் என்று கேட்பீர்கள். அவள் ஊர்ப் பள்ளிக்கு நடந்து செல்கிறாள். ‘இவளுக்கு இது போதும்’ என்று தாயே கூறியதை நாம் கேட்டோம்.

இந்தப் ‘போதும்’ என்ற சொல் நம்மை நெடுநேரம் உறுத்திற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த மண் இது. 1886இல் பிறந்த அவரை இவ்வூர் மகாராஜா கல்லூரியில் ஆண் பிள்ளைகளோடு சேர்ப்பதா என்று எழுந்த எதிர்ப்பை மீறியே அவர் உள்ளே நுழைந்தார். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். நூறு ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், வேனில் ஏறும் பிள்ளை ஆணாகவும் நடக்கும் பிள்ளை பெண்ணாகவும் இருப்பதை எவ்வாறு பொறுப்பது? வேடிக்கை யாதெனில், அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குச் சென்றால் மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022இல் தொடங்கிற்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020இல் வந்தது. போதும் என்று ஒதுக்கிய வழியில்தான் கதவுகள் சில திறந்தன.

நிற்க. பெற்றோர் ஏன் ஊர்ப் பள்ளியை விட்டுச் செல்கின்றனர்? இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்புகளைக் கட்டி மேய்க்கும் பள்ளிகள் எத்தனையோ. அவ்விருவருள் ஒருவர் பயிற்சிக்கோ கணக்கெடுப்புக்கோ சென்றுவிட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் கையில். ஆங்கிலம் பேசத் தெரியாததால் நகரத்து அலுவலகங்களில் தாம் பட்ட சிறுமையைத் தம் பிள்ளை படக்கூடாது என்று ஒரு நெசவாளர் நினைத்தால், அந்நினைவில் என்ன பிழை? தறியில் பத்து மணி நேரம் கால் மிதித்து, மாதக் கடைசியில் தன் கூலியை எண்ணிப் பார்த்தவன், ‘இது என்னோடு போகட்டும்’ என்கிறான். இவர்களுக்குக் கிராமப் பள்ளியின் பெருமையை மேடையில் நின்று ஓதுவோர் பலர், தம் பிள்ளைகளை எங்கே படிக்க வைக்கின்றனர் என்பதும் ஊரார் அறிந்ததே.

பிள்ளையைத் தந்தையின் தொழிலோடு கட்டிப்போடும் அச்சம் நம் மக்களுக்குப் புதியதன்று. 1953இல் இராஜாஜி முதலமைச்சராயிருந்தபோது, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்பது ஏற்பாடு. பள்ளிக் கட்டடமும் ஆசிரியரும் போதாத காலத்தில், ஒரே பள்ளியை இருவேளையாக நடத்தி இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் தவறில்லை என்றே கொள்வோம். ஆனால் நெசவாளர் மகன் தறியிலும் குடியானவன் மகன் வயலிலும் பாதி நாளைக் கழிக்க, நகரத்துப் பிள்ளை முழு நாளும் படிக்கும் என்பதை மக்கள் உடனே கண்டுகொண்டனர். குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது. பெரியாரும் பிறரும் கிளர்ச்சி செய்தனர். ஆளுங்கட்சிக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். அடுத்த மாதமே அத்திட்டம் கைவிடப்பட்டது. பின்னர் ஊருக்கு ஊர் பள்ளிகள் திறந்தன. 1956இல் மதிய உணவு வந்தது. 1982இல் நமக்கு அண்மையிலுள்ள திருச்சிப் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கி விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஆகவே, இன்று வேனுக்குக் காத்து நிற்கும் பெற்றோர், முழு நாள் படிப்புக்காக வாதாடிய அதே மக்களின் பேரப்பிள்ளைகளே. அவர்கள் மாறிவிடவில்லை. அன்று பாதிப் பள்ளி வேண்டா என்றனர். இன்று, ஊர்ப் பள்ளி பாதியாகி விட்டதென்று எண்ணுகின்றனர்.

இங்கே அங்கத்தினர் பலர் எண்ணிப் பாராத ஒன்றைச் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். அரசுப் பள்ளியின் மதிய உணவு அரிசி எங்கிருந்து வருகிறது? நம் நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு வாங்கும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்தே வருகிறது. அரசு தரும் பள்ளிச் சீருடைத் துணியை நெய்வது யார்? நம் கைத்தறி, விசைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்கள். அத்துணியைத் தைப்பவர் யார்? மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கத்தார். ஆக, ஊர்ப் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை நம் அரிசியை உண்கிறது, நம் துணியை உடுத்துகிறது, நம் சகோதரிகளின் தையற்கூலிக்கு வழி செய்கிறது. அப்பிள்ளை அங்கிருந்து விலகி வேனில் ஏறும்போது, கழுத்தில் தொங்கும் பட்டி முதல் காலுறை வரை எங்கோ ஆலையில் ஆனவற்றைக் கடைக்காரர் சொல்லும் விலைக்கு வாங்குகிறோம். நம் சரக்குக்கு நாமே வாடிக்கையைக் குறைத்து, அதற்காக நகையையும் அடகு வைக்கிறோம். துணி தேங்குகிறது என்று சங்கக் கூட்டத்தில் முறையிடும் நெசவாளர், தம் வீட்டுப் பிள்ளை எத்துணி உடுத்துகிறது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக் கொள்வாராக. வெறும் வாணிகக் கணக்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். நாம் நூலும் விதையும் விற்று வாழ்வோர். வாணிகக் கணக்கில் நமக்கு வெட்கம் இல்லை.

கூட்டுறவுக்கும் கல்விக்கும் உள்ள உறவு இன்று நேற்று உண்டானதன்று. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் கூடி ஒரு சிறு கடை திறந்தனர். அவர்களுள் நெசவாளர் பலர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் விற்ற அக்கடையின் இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கென்று ஒதுக்குவதைச் சில ஆண்டுகளிலேயே விதியாக்கிக் கொண்டனர். வாசக சாலையும் நூலகமும் அவ்வாறு எழுந்தன. அந்நாட்டில் அரசு எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளி அமைக்கச் சட்டம் செய்தது 1870இல்தான். நம் சங்கங்களும் இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துகின்றன. அந்நிதி அங்கத்தினருக்குக் கூட்டுறவு அறிவு ஊட்டுவதற்கானது. பிள்ளையின் பள்ளிச் செலவை அதிலிருந்து எடுக்க இயலாது. ஆயினும் வேறு வழி இல்லையா?

உண்டு என்கிறோம். நெசவாளர் சங்கங்களில் கூலியிலிருந்து சிறு பிடித்தம் செய்து சேமிப்பில் சேர்க்கும் முறை நமக்குப் பழக்கமானதே. அதைப் போலவே, கார்த்திகையில் கடலைக் காசு வரும்போதும், தையில் நெல் பணம் வரும்போதும், தீபாவளி, பொங்கல் விற்பனையின்போதும் அங்கத்தினர் விருப்பத்தோடு ஒரு சிறு தொகையைப் பள்ளிக் கணக்கு என்ற பெயரில் சங்கத்தில் போட்டு வைத்து, மே மாதக் கடைசியில் மட்டும் எடுக்கலாம். அவசரத்துக்கு நடுவில் கைவைக்கக் கூடாது என்பதே அதன் உயிர். பொங்கற் சீட்டுப் பிடிக்கத் தெரிந்த நம் பெண்களுக்கு இதனைக் கற்பிக்க வேண்டியதில்லை. மாதத்தை மட்டும் மாற்றினால் போதும். இவ்வளவு சேர்ந்தும் போதாதவர்க்கு, வெள்ளாமை என்று பொய் எழுதாமல், படிப்புக்கென்றே வெளிப்படையாக ஒரு சிறு கடன் தரச் சங்கம் முன்வரலாம். சீட்டில் உண்மை எழுதப்பட்டால்தான் எத்தனை குடும்பம் எவ்வளவுக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்பது சங்கத்துக்கே தெரியவரும். 2021இல் அரசினர் 5 சவரனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தபோது எத்தனை வீடுகளில் விளக்கேற்றினர் என்பதை நாம் அறிவோம். ஆனால் அடுத்த ஜூன் மாதத்திலேயே அதே சங்கிலி அதே பெட்டிக்குள் திரும்பப் போனதையும் கண்டோம். தள்ளுபடி கடனைத் தீர்க்கும். ஜூன் மாதத்தைத் தீர்க்காது.

பணத்தினும் பெரிதொன்று உண்டு. அது நம் நேரம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழுவை விதித்தது. உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராயிருத்தல் வேண்டும். பாதிப்பேர் பெண்களாயிருத்தல் வேண்டும். ஆசிரியர் காலியிடம் நிரம்பவில்லையா, கழிப்பறையில் தண்ணீர் இல்லையா, மழையில் கூரை ஒழுகுகிறதா, கேட்பதற்கு உரிமையுள்ள மன்றம் அது. நடப்பது என்ன? தலைமை ஆசிரியர் பதிவேட்டை வீடு வீடாகக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குகிறார். தனியார் பள்ளி வாயிலில் கட்டணத் தவணைக்காகக் கைகட்டி நிற்க நேரமுள்ள நாம், நமக்கே உரிய பள்ளியின் கூட்டத்தில் நாற்காலி போட்டு உட்கார நேரமில்லை என்கிறோம்.

கையெழுத்து என்றவுடன் இம்மாவட்டத்தார்க்கு ஒரு நினைவு வரவேண்டும். 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, கல்லுடைக்கும் பெண்களும் களையெடுக்கும் பெண்களும் இரவில் விளக்கடியில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். சைக்கிள் ஓட்டக் கற்றனர். ‘பொம்பளைக்குச் சைக்கிளா?’ என்று சிரித்தவர் எதிரிலேயே மிதித்துச் சென்றனர். கல் குவாரிகளைக் குழுவாகக் குத்தகைக்கு எடுத்து நடத்திய பெண்களும் இம்மாவட்டத்தாரே. அன்று கைநாட்டை விட்டுக் கையெழுத்துக்கு வந்த தாய்மாரின் பெண்கள் இன்று பள்ளிப் பிள்ளைகளின் தாய்மாராயிருக்கின்றனர். அவர்களுக்குப் பதிவேட்டில் கையெழுத்திடவும் தெரியும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்த்து, ‘இது நடக்கவில்லையே’ என்று கேட்கவும் தெரியும். கேட்க வேண்டுமென்று யாரும் அவர்களை அழைக்கவில்லை, அவ்வளவுதான். அழைக்கும் வேலையைச் சங்கம் செய்யட்டும்.

இடையே ஒரு சொல் நெசவாளர்க்கு. கோர்வைச் சேலைக்கு ஓரத்து நாடாவைத் தள்ள இரண்டாவது கை வேண்டும் என்பதும், அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறுபிள்ளையின் கையாயிருந்தது என்பதும் காஞ்சிபுரத்தின் பழைய கதை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. 2016இல் திருத்தப்பட்டபோது 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைப்பது முற்றிலும் தடுக்கப்பட்டது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக உதவலாம் என்று ஒரு விலக்கு விடப்பட்டது. ஆட்டைக் கொட்டிலில் அடைப்பதற்கும் கடலைக் கொடியை அடுக்குவதற்கும் யாரும் தடை சொல்லார். ஆனால் ‘பள்ளி நேரம் போக’ என்னும் கதவு, கடன் பெருகிய வீட்டில் எப்போது எவ்வளவு அகலும் என்பதை நாம் அறிவோம். சங்கிலி போய், தோடு போய், அடுத்தபடி வைப்பதற்கு எஞ்சுவது பிள்ளையின் பொழுதுதான். பள்ளிக் கட்டணத்துக்காக வாங்கிய கடனை அடைக்கப் பிள்ளையே பள்ளியை விட்டு நிற்பது எவ்வளவு கொடிய வேடிக்கை!

சித்தன்னவாசல் மலையைக் காண ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகள் பேருந்துகளில் வருகின்றனர். அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளத்து ஓவியத்தை அண்ணாந்து பார்த்து, மீனையும் யானையையும் எண்ணிவிட்டுச் செல்கின்றனர். அங்குள்ள ஒரு கல்வெட்டை அவர்களுக்கு யாரேனும் படித்துக் காட்டுகின்றனரா என்பது ஐயமே. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், இக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தவர் இளங்கௌதமன் என்பவர். மதுரை ஆசிரியர் என்பது அவருக்கு அங்கே தரப்பட்டுள்ள அடைமொழி. அரசன் காலம் கூறி, ஆசிரியர் செய்த பழுதுபார்ப்பைக் கல்லில் வெட்டியிருக்கின்றனர். மலையின் மறுபக்கம் ஏழடிப் பட்டத்தில் சமண முனிவர் கிடந்த கற்படுக்கைகள் பதினேழு உள. அவற்றுள் ஒன்றின் அருகே ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முன் பொறித்த தமிழ் எழுத்து இருக்கிறது. அறிஞர் ஐராவதம் மகாதேவன் படித்தவாறு, அயல் நாட்டில் பிறந்த ஒருவர்க்கு இங்குள்ள இளையர் அமைத்துத் தந்த இருக்கை என்பது அதன் செய்தி. கற்றவர்க்கு இருக்கை செய்து கொடுத்த ஊர் என்று இதனைச் சொல்லலாம் போலும். அம்மலையின் அடிவாரத்துக் கிராமங்களில் ஆசிரியர்க்கு நாற்காலி உடைந்திருந்தால், தச்சரும் கொல்லரும் நம் சங்க அங்கத்தினராகவே இருக்கின்றனர்.

தனியார் பள்ளியிலிருந்து பிள்ளையை நாளையே அழைத்து வந்துவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. படிப்பு நடுவில் முறிவது பிள்ளைக்குத் தீங்கு. முதல் வகுப்பில் சேர்க்கும் முன் ஒருமுறை ஊர்ப் பள்ளியின் உள்ளே சென்று ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள் என்றே கேட்கிறோம். அங்கே குறையிருந்தால் அக்குறையைக் குழுவில் எழுத்தில் கேளுங்கள். மகனுக்கு ஒரு பள்ளி, மகளுக்கு ஒரு பள்ளி என்னும் ஏற்பாட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

சங்கச் செயலாளர்களுக்கும் ஒரு விண்ணப்பம். வரும் மே மாதத்தில் நகைக் கடனுக்கு வருவோரிடம், சீட்டில் எழுதுவதற்காக அல்லாமல் தனியே ஒரு நோட்டில் குறிப்பதற்காக, பணம் உண்மையில் எதற்கு என்று கேட்டு எழுதி வையுங்கள். பெயர் வேண்டா, காரியமும் தொகையும் போதும். அந்த நோட்டைச் செப்டம்பருக்குள் நிர்வாகக் குழுவின் முன் வைத்து, பள்ளிக் கணக்குத் தொடங்கும் தீர்மானத்தைப் பேரவைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால், கார்த்திகைக் கடலைக் காசு கைக்கு வரும்போது முதல் தவணையைப் போட்டுவிடலாம்.